‘அப்செட்’டா இருக்கீங்களா? அந்த ஒரு வார்த்தைக்குள்ளே இத்தனை விஷயம் இருக்கு!

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம், சின்ன வெங்காயம் விளையும் ஊர். நல்ல விலை வரட்டும் என்று பட்டறை போட்டுக் காத்திருக்கும்போது விலை இறங்கினாலோ, வயலில் திருகல் நோய் விழுந்தாலோ, இங்கே பெரியவர்கள் சொல்வது, “மனசே சரியில்லப்பா.” அதையே கல்லூரிக்குப் போகும் பிள்ளை போனில் சொன்னால், “அப்பா ரொம்ப அப்செட்டா இருக்கார்டா!”

நாம் தினமும் சொல்லும் இந்த ‘அப்செட்’டுக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

கவிழ்ந்துபோன வார்த்தை

‘அப்’ என்றால் மேலே. ‘செட்’ என்றால் வைப்பது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் இதற்கு ‘நிமிர்த்தி வைப்பது’ என்றுதான் பொருள். போகப்போக அர்த்தமே தலைகீழாகி, ‘கவிழ்ப்பது’ என்று ஆனது. வண்டியும் படகும் கவிழ்வதற்குச் சொன்னதை, 19-ம் நூற்றாண்டில் மனசுக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

வயிறு கெட்டாலும் ஆங்கிலத்தில் ‘அப்செட் ஸ்டமக்’தான். நம்மூரிலும் வயிறு கலக்கும், மனசும் கலங்கும். ஆக, ‘அப்செட்’டுக்கு நெருக்கமான தமிழ்ச் சொல் ‘கலக்கம்’.

எப்படிச் சொல்வது?

* ஆள் மீது வருத்தம் என்றால் ‘வித்’: ‘ஐ ஆம் அப்செட் வித் ஹிம்.’

* நடந்த விஷயத்தால் வருத்தம் என்றால் ‘அபவுட்’: ‘ஐ ஆம் அப்செட் அபவுட் தி பிரைஸ்.’

* மனநிலையைச் சொல்லும்போது அழுத்தம் ‘செட்’டில் விழும். சின்ன டீம் பெரிய டீமைத் தோற்கடித்தால் அதுவும் ‘அப்செட்’தான், அங்கே அழுத்தம் ‘அப்’பில்.

எதனால் அப்செட்?

கோபம், ஏமாற்றம், பயம், துக்கம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்கு எது என்று புரிவதில்லை. “கடனை நினைச்சா பயமா இருக்கு” என்று உடைத்துச் சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் கூட உட்கார்ந்து யோசிக்கவாவது முடியும்.

பொதுவாக அப்செட் என்பது ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தூக்கம், பசி இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை வீட்டில் யாராவது “அப்செட்” என்றால், “சரியாயிடும்” என்று நகர்ந்துவிடாதீர்கள். “எதனால?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.