குடிக்காதவர் ஏன் தள்ளாடுகிறார்?

பொம்மிடி ரயில் நிலையத்தில் ஒருவர் கால்களை அகட்டி, தள்ளாடி, குழறிப் பேசியபடி நடந்தால் ‘குடித்திருக்கிறார்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிறுமூளைத் தேய்வாகவும் இருக்கலாம். தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 என்னும் பரம்பரைத் தேய்வு நோய் மிகுந்திருப்பதை 2005-இல் ‘நியூராலஜி இந்தியா’ ஆய்விதழ் பதிவு செய்தது.

ஏன் வருகிறது?

6-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ‘சி.ஏ.ஜி.’ என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அது இடையீடின்றி 39 முறையோ அதற்கு மேலோ நீண்டால் நோய். 1993-இல் ஹாரி ஆர், ஹுதா சோக்பி குழுவினர் இதைக் கண்டுபிடித்தனர். அந்த மரபணு தரும் அட்டாக்சின்-1 புரதம் பிசகாக மடிந்து, செல்லின் உட்கருவில் தேங்கி, மற்ற மரபணுக்களின் வேலையைக் குலைக்கிறது.

செல்லில் என்ன நடக்கிறது?

சிறுமூளையில் அதிகம் அடிபடுவது, 1837-இல் அறிவியலாளர் புர்கின்யே விவரித்த பெரிய நரம்பு செல்கள். மரம்போல் விரிந்த அவற்றின் கிளைகள் குறுகுகின்றன. செய்தி கடத்தும் நீண்ட இழை ஓரிடத்தில் உப்பிப் புடைக்கிறது. பிறகு செல்லே மடிகிறது. அதைச் சூழ்ந்திருந்த கூடைச் செல்களின் இழைகள் மட்டும் வெறுங்கூடாக எஞ்சுகின்றன. சிறுமூளைப் புறணியிலிருந்து கட்டளை வெளியேற இந்தச் செல்களே ஒரே வழி. அதனால்தான் நடை, பேச்சு, கண்ணசைவு எல்லாம் தாளம் தப்புகின்றன.

என்ன செய்யலாம்?

இந்த நோய் சொந்தத்தில் மணம் முடித்ததன் தண்டனை அல்ல. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் குடும்பத்துக்குத் தெளிவு தரும். இயன்முறைப் பயிற்சி நடையைத் தாங்கும். ஏளனத்தை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.