ஏழரைச் செக்கன்

சென்ற தவணை விடுமுறையில் எங்கள் வீதி முனையில் ஒரு முச்சக்கரவண்டி, சைக்கிளில் வந்த முதியவர் ஒருவரை மோதித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். வண்டியைக் கண்டவள் நான் மட்டுமே. விசாரிக்க வந்த பொலிஸ் உத்தியோகத்தர், “என்ன நிறம்? இலக்கம் என்ன? எந்தப் பக்கம் போனது?” என்று கேட்டார். ஒன்றுக்கு நான் வாய் திறக்குமுன் மற்றது வந்தது. அன்றிரவு உம்மாவிடம் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், வண்டியின் பின்திரை கிழிந்து நீலத் துணியால் ஒட்டுப் போடப்பட்டிருந்தது நினைவுக்கு வந்தது.

எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தேடி வாசித்தேன். 1980களில் அமெரிக்க உளவியலாளர்களான ரொனால்ட் பிஷர், எட்வர்ட் கைசெல்மன் ஆகியோர், புளோரிடாவில் துப்பறிவாளர்கள் சாட்சிகளை விசாரித்த ஒலிப்பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். சாட்சி பேசத் தொடங்கிச் சராசரியாக 7.5 செக்கனில் விசாரிப்பவர் குறுக்கிட்டிருக்கிறார்! பொலிஸாரைக் குறை சொல்வது எளிது. அவர்களுக்கு நிரப்ப வேண்டிய படிவம் உண்டு. வண்டி தூரம் போகுமுன் தகவல் அனுப்பவும் வேண்டும். ஆனால் குறுக்கிட்டால் நினைவின் இழை அறுந்துபோகிறது. சுருக்கமான பதிலே போதும் என்று சாட்சியும் எண்ணிவிடுகிறார்.

நினைவாற்றல் பற்றிய கோட்பாட்டை அப்படியே நீட்டினால் எந்தப் பொலிஸ்காரர் வாசிப்பார்? ஆகவே அவ்விருவரும் அதை விசாரணையில் சொல்லக்கூடிய அறிவுறுத்தல்களாக மாற்றினார்கள். அந்த இடத்தையும் அப்போதைய மனநிலையையும் மீண்டும் மனதில் கொண்டுவரச் சொல்வது. அற்பமென்று தோன்றுவதையும் விடாமல் சொல்லச் சொல்வது. நடந்ததைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்வது. அங்கிருந்த இன்னொருவரின் பார்வையில் சொல்லச் சொல்வது. மயாமியில் இதில் பயிற்சி பெற்ற 7 துப்பறிவாளர்கள், முன்பு தாம் பெற்றதைவிட 47 சதவீதம் கூடுதலான தகவலைப் பெற்றதாக 1989இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் பிறகு நடந்ததுதான். இங்கிலாந்துப் பொலிஸாரிடம் கேட்டபோது, கடைசி இரண்டையும் தாங்கள் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை, நேரமும் போதாது என்றார்கள். ஆய்வாளர்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டு முறையைச் சுருக்கினார்கள். சாட்சியிடம் ஒரு தாளைக் கொடுத்து, கண்டதை வரைந்துகொண்டே சொல்லச் சொல்வதும் அப்படிப் பிறந்ததே.

மறுநாள் வாப்பாவுடன் பொலிஸ் நிலையம் சென்று கிழிந்த திரையைப் பற்றிச் சொன்னேன். அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். எழுதி முடித்துப் பேனையை மேசையில் வைத்தார்.

“வேறென்ன கண்டீங்க, மகள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.