பிளவு வகுத்த பொக்கிஷம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மவுண்ட் டேவிட்சன் என்னும் மலையின் கீழைச் சரிவில், 1859-ஆம் ஆண்டு பொன் அரித்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் அரிப்புப் பெட்டிகளை அடைத்த கனத்த நீலச் சேற்றை வெறும் தொல்லையென்று வாரி எறிந்தார்கள். அதில் சிறிது கலிபோர்னியாவில் சோதிக்கப்பட்டபோதுதான் அது மிகச் செழுமையான வெள்ளித் தாது என்பது விளங்கிற்று. உலகப் பிரசித்தி பெற்ற காம்ஸ்டாக் படிவு இவ்வாறே வெளிப்பட்டது.

ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பிரதேசத்தில் எரிமலைகள் ஆண்டிசைட் பாறையை அடுக்கடுக்காகக் கொட்டியிருந்தன. அவற்றின் அடியில் ஆறாதிருந்த பாறைக்குழம்பின் உஷ்ணத்தால் நிலத்தடி நீர் 200, 300 டிகிரி வரை காய்ந்தும், மேலுள்ள பாரத்தால் ஆவியாக முடியாமல், கந்தகத்தின் துணைகொண்டு பொன்னைக் கரைத்து, வெள்ளியையும் உடன் சுமந்து திரிந்தது. ஆயினும் எரிமலை தந்தது உஷ்ணமும் பாறையுமே. உலோகம் எங்கே தங்க வேண்டும் என்பதை நிர்ணயித்தது மலைப்பாறையில் விழுந்த பிளவுதான் என்பதே இவ்விஷயத்தின் சாரம்.

மலையடிவாரத்தை ஒட்டிக் கிழக்கு நோக்கிச் சாய்ந்திறங்கும் அப்பிளவின் வழியே கிழக்குப்பக்கத்துப் பாறை கீழே சரிந்தபோதெல்லாம், மேடுபள்ளமான இரு முகங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளிகள் திறந்தன. சோடாப் புட்டியின் மூடியைத் திறந்தவுடன் வாயு பொங்குவதுபோல அழுத்தம் தணிந்து நீர் கொதித்தது. கந்தக வாயு பிரிந்தகலவே, அதன் ஆதாரத்தில் கரைந்திருந்த பொன் படிகக்கல்லோடு சேர்ந்து படிந்தது. படிகக்கல் அடைத்த வழியை அடுத்த சரிவு மீண்டும் உடைத்துத் திறக்கும். இவ்வாறு இடைவெளிகள் திறந்த இடங்களிலேயே தாது சேர்ந்தது; எனவேதான் அந்நெடிய பிளவு முழுவதும் செல்வம் சமமாகப் பரவவில்லை. பெரும்பகுதி வறட்டுப் படிகக்கல்லாகவே இருக்க, 1873-இல் கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே அகப்பட்ட மாபெரும் தாதுத் திரள், பிளவின்மீது கவிந்திருந்த கிழக்குப்பக்கத்துப் பாறையில் கிளைத்த வெடிப்புக்களில் ஒளிந்திருந்தது.

வெந்நீர் ஊடுருவிய பாறையும் தன் இயல்பை இழந்து பச்சை நிறம் பூண்டது. ஜெர்மானிய அறிஞர் ரிக்டோஃபன் இதைத் தனியொரு பாறையினமாகவே கருதி ப்ராபிலைட் என்று பெயரிட்டார். 1882-இல் நிலவியலாளர் ஜார்ஜ் பெக்கர், அது உருமாறிய எரிமலைப் பாறையே என்று நிறுவினார். இன்றும் இத்தகைய நிறமாற்றமே தாது தேடுவோர்க்கு முதல் அடையாளமாகிறது.

மூவாயிரம் அடிக்கும் கீழே இறங்கியபோது சுரங்கத் தொழிலாளர் கண்டது, உடலைப் பொசுக்கும் வெந்நீரையும் செழிப்பற்ற பாறையையுமே. நீர் கொதிக்கும் மட்டம் இவ்வகைப் படிவுகளில் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதற்குக் கீழே பிளவு எவ்வளவு ஆழம் நீண்டாலும் தாது அதனுடன் தொடர்ந்து செல்வதில்லை.