வானிலைப் பேச்சும் சிறுபொழுதும்

'இட் இஸ் ஹாட்' என்னும் ஆங்கிலத் தொடரை 'அது சூடாக இருக்கிறது' என்று பெயர்த்தல் மாணவர்க்கு எளிதில் நேரும் பிழை. எது சூடாக இருக்கிறது? சோறா, இரும்பா? தமிழில் சூடு தொட்டறியப்படுவது. வெயில் கதிரவனால் வருவது. காற்றின்றி வியர்ப்பது புழுக்கம். காய்ந்த நிலமும் சுவரும் உமிழ்வது வெக்கை. மலாயில் 'பானாஸ்' என்னும் ஒரு சொல்லே இவற்றுள் பலவற்றுக்கும் வழங்குதலின், மலாயும் ஆங்கிலமும் தமிழோடு கலந்து புழங்கும் பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் இவ்வேறுபாடு மங்குதல் வியப்பன்று.

இத்தாலிய மொழி இவ்வகையில் ஆங்கிலத்தினும் தமிழுக்கு அணித்தாக நிற்கிறது. வானிலையைக் குறிக்க 'ஃபா கால்தோ' என்பர். 'வெப்பம் செய்கிறது' என்பது அதன் சொற்பொருள். தம் உடலுணர்வைக் கூற, 'வெப்பம் உடையேன்' எனப் பொருள்படும் 'ஓ கால்தோ' வரும். குழம்பு சூடாயிருந்தால்தான் 'இருக்கிறது' என்னும் வினை. நாமும் 'வெயில் அடிக்கிறது', 'எனக்குப் புழுங்குகிறது', 'குழம்பு சூடாயிருக்கிறது' என மூன்றையும் பிரித்தே பேசுகிறோம்.

அம்மொழியில் 'தெம்போ' என்னும் சொல் காலத்தையும் குறிக்கும், வானிலையையும் குறிக்கும். தொல்காப்பியமும் கார், கூதிர் முதலிய பருவங்களை மாலை, யாமம் முதலியவற்றோடு சேர்த்துப் பொழுது என்றே கொண்டது; முன்னவை பெரும்பொழுது, பின்னவை சிறுபொழுது.

ஆனால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ள கோலாலம்பூரில் முன்பனி ஏது, பின்பனி ஏது? மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுதும் ஏறத்தாழ 27, 28 செல்சியஸ் பாகையிலேயே நிற்கும். ஒரே நாளிலோ விடியலில் 24 பாகையாய் இருப்பது பிற்பகலில் 32, 33 வரை ஏறிவிடும். ஆண்டு காட்டாத மாற்றத்தை நாள் காட்டுகிறது. (மழை மட்டும் ஏப்ரலையும் நவம்பரையும் ஒட்டி மிகும், ஆண்டுக்கு இரண்டு கார் என்று சொல்லலாம் போலும்.)

ஆகவே இங்குள்ள வகுப்பறையில் உயிரோடிருப்பது சிறுபொழுதே. நண்பகல் வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகத் திரண்டு, எற்பாட்டில் இடியோடு கொட்டுவது கோலாலம்பூர் மழையின் வழக்கம். கடலோரக் கிள்ளானிலோ வைகறை மழையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவில் மலாக்கா நீரிணையின் மேல் உருவாகும் 'சுமத்திரா' என்னும் சூறைக்காற்று, விடியுமுன் கரையேறி வந்து வீசும். மழையைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை ஐப்பசி கார்த்திகை என்று தொடங்குவதினும், தன் ஊர் மழை எப்பொழுதில் வருகிறது என்று தொடங்குவதே பொருந்தும்.

இப்பொழுதுகளுள் எதனிலும் அடங்காதது ஒன்றும் இங்குண்டு. சுமத்திராவில் காடும் கரிநிலமும் எரிய, அப்புகை வறண்ட மாதங்களில் நீரிணையைக் கடந்து வந்து கவியும். 2005 ஆகஸ்டில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியமையால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இதற்கு மலேசியத் தமிழர் வழங்கும் பெயர் புகைமூட்டம். மேகமூட்டம் என்னும் பழகிய சொல்லின் வார்ப்பிலேயே அது அமைந்திருக்கிறது.