தாயைக் காட்டச் சொல்லுங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். நாயை ப்ரீடரிடம் வாங்குவதா, ஷெல்டரில் எடுப்பதா என்றுதானே கேட்டீர்கள்? இதில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைக் கழித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அவர் புரோக்கர். வாட்ஸ்அப்பில் லாப்ரடார் குட்டியின் படம் அனுப்புவார், “ஒரிஜினல் சார், டபுள் போன்” என்பார், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருவார். குட்டி எங்கே பிறந்தது, அதன் தாய் இதுவரை எத்தனை ஈற்று ஈன்றது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பல இடங்களில் திரட்டி ஒரே கூண்டில் அடைத்த குட்டிகளில் ஒன்றுக்குப் பார்வோ என்ற தொற்றுநோய் இருந்தால் போதும். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். வாங்கும்போது துள்ளிய குட்டி நாலு நாளில் ரத்தமாகக் கழிவது அதனால்தான். ப்ரீடரிடம் வாங்கி ஏமாந்தேன் என்பவர்களில் பலர் உண்மையில் வாங்கியது இவரிடம்தான்.

நல்ல ப்ரீடரைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: “தாயைப் பார்க்கலாமா?” பிறந்த இடத்திலேயே, குட்டிகளோடு பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் நாய் கொஞ்சம் மெலிந்து, முடி கொட்டித்தான் இருக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆள் நுழைந்ததும் மூலையில் ஒடுங்கி நடுங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பயம் குட்டிக்கும் வரும். ப்ரீடர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கென்னல் கிளப் காகிதத்தைக் காட்டுவார்கள். அது பரம்பரையைத்தான் சொல்லும். ஷெப்பர்டுக்கும் லாப்ரடாருக்கும் வருகிற இடுப்பு மூட்டுக் கோளாறைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ராஜபாளையம்தான் வேண்டுமென்றால் ப்ரீடரிடம் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 2005-இல் தபால்தலையில் வந்த இனம். அக்கறையாக வளர்த்துக் கொடுப்பவர் இல்லாவிட்டால் அது நிலைக்காது. ஆனால் அந்த வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடு. குட்டியைத் தனியறைக்குக் கொண்டுபோய், அதன் முதுகுப் பக்கம் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கூடப் பிறந்தவற்றோடு இருக்கும்போது சோதித்தால் பலனில்லை. மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும், கெட்டிக்காரப் பயல்!

ஷெல்டரில் நாட்டு நாய் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். சென்னை வெயிலில் ஹஸ்கி வளர்க்க ஆசைப்பட்டு, ஏசி பில்லைப் பார்த்துக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். அங்கே உங்களையே கேள்வி கேட்பார்கள்: வாடகை வீடா, ஓனர் சம்மதித்தாரா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள்? சிலருக்கு இது கோபம் வரவழைக்கும். எனக்கோ கேள்வி கேட்காமல் நாயைத் தருகிறவர்மீதுதான் சந்தேகம்.

அங்கேயும் குட்டிகளுக்குப் பார்வோ வரும். தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். நீங்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் திரும்புகிறீர்கள், அம்மா மட்டும் வீட்டில். இரண்டு மணிக்கொரு தரம் மூத்திரம் துடைக்க அவர்களால் முடியாது. ஆகவே குட்டியே வேண்டாம், இரண்டு மூன்று வயதான நாயை ஷெல்டரிலிருந்து எடுங்கள் என்பேன். அதன் உயரம், குணம், குரைப்பு எல்லாம் தெரிந்துபோன கணக்கு. காது நுனியில் வெட்டு இருந்தால் பயப்பட வேண்டாம், கருத்தடை ஆனதற்கு அடையாளம். வந்த புதிதில் சோற்றைத் தொடாமல் கட்டிலுக்கடியில் கிடக்கும். அப்படியே விட்டுவிடுங்கள், தானாக வரும்.

கூண்டுக்குள் குரைப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாரில் கட்டி வெளியே கொஞ்சம் நடத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். பகலெல்லாம் அது அவர்களோடுதானே இருக்கப்போகிறது.