வேடியப்பனும் ஒரு ஸ்கெட்ச் நோட்டும்

"தினமும் ஏதாவது வரையணும்" என்று ஆரம்பிக்கிறவர்களில் பலர் இரண்டாவது வாரத்திலேயே நோட்டை மூடிவிடுகிறார்கள். கை வரவில்லை என்பார்கள். நான் பார்த்தவரை, இன்றைக்கு எதை வரையறது என்று யோசிப்பதிலேயே கால் மணி நேரம் போய்விடுவதுதான் பாதிக் காரணம். தருமபுரிக்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். நம்ம ஊர்ப் பக்கம் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் நடுகல் நிக்குது.

மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட கல். பல்லவர் காலத்துக் கல் என்றால் மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, எந்தத் தொறுவுக்காகச் சண்டை, யார் பட்டான் என்ற விவரம் இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. கீழே வீரன், பெரும்பாலும் ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள். இந்தக் கற்கள் பலவற்றை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். என் பள்ளிக்கூட வகுப்பிலேயே மூணு வேடியப்பன் இருந்தாங்க.

போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். எடுங்க, அதுவும் வேணும். ஆனால் இவை ஆழமில்லாத புடைப்புச் சிற்பங்கள். உச்சி வெயிலில் நிழலே விழாது, கல் மொழுக்கென்று தெரியும். காலை ஏழு மணிக்குச் சாய்வாக வெளிச்சம் விழும்போது அம்பு, இடுப்புக் கச்சை, காலடியில் சின்னதாக ஒரு கெண்டி என்று ஒவ்வொன்றாக மேலே வரும். வரையறவன் இருபது நிமிஷம் அங்கேயே உட்காருகிறான். "இந்தக் கோடு வில்லின் நாணா, கல்லின் விரிசலா?" என்று அவன் முடிவு பண்ணியாக வேண்டும். கேமராவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

சில்பி இதைத்தான் வாழ்நாள் வேலையாகச் செய்தார். நாமக்கல்காரர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். மாலிதான் அவருக்குச் சில்பி என்று பெயர் வைத்தது. ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரில் உட்கார்ந்து வரைந்தார். அவர் கோடு நமக்கு வராது, விடுங்க. எதிரில் உட்காருவது வரும்.

வரைந்தது அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியான ஆய்வில், ஒரு சொல்லைப் படமாக வரைந்தவர்களுக்கு, அதே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியபோதைவிட நன்றாக நினைவில் நின்றது. படம் நன்றாக வந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் பண்ணவில்லை.

இனி பழக்கம். 21 நாள் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட கணக்கு வேறு: ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான், 254 என்பது வளைகோட்டை நீட்டிப் போட்ட கணக்கு. என்ஜினியர் புத்தி, சொல்லாமல் இருக்க முடியல.) நமக்கு வேண்டிய விஷயம் இரண்டு. ஏற்கெனவே தினம் செய்கிற ஒன்றின் வாலில் புதுசைக் கட்டினார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை.

அதனால் வார நாளில் காலை காபிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் பத்து நிமிஷம்: டம்ளர், செருப்பு, முருங்கை, எது கண்ணில் பட்டாலும். அது கைக்குப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை கல். பேனாதான், ரப்பர் வேண்டாம். ஓரத்தில் தேதி, மணி, வெளிச்சம் வந்த திசை, கல்லின் உயரம் எத்தனை சாண் என்று குறிப்பு. உறுதியாகத் தெரிந்தது முழுக்கோடு, சந்தேகமானது விட்டுவிட்டுப் போடும் கோடு. எழுத்து புரியாவிட்டால் வடிவத்தை மட்டும் வரையுங்க, நீங்களாகப் பூர்த்தி பண்ணாதீங்க. பூசாரி இருந்தால் "அண்ணா, சாமியைப் படம் வரைஞ்சுக்கட்டுமா?" என்று முதலில் கேட்டுவிடுங்க. சுரண்டுவது, சுண்ணாம்புத்தூள் தடவி எழுத்தை எடுத்துக் காட்டுவது இதெல்லாம் கூடவே கூடாது.

போன வருஷம் பென்னாகரம் பக்கம் நான் வரைந்த ஒரு கல்லுக்கு இந்தத் தை மாசம் எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மஞ்சள் உடம்பு, கறுப்பு மீசை. பக்தியோடு செய்ததுதான், குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் தோளில் தைத்திருந்த இரண்டு அம்பும் பெயின்ட்டுக்கடியில் போய்விட்டன. என் நோட்டில் ஒன்று முழுக்கோடு, இன்னொன்று விட்டுவிட்டுப் போட்ட கோடு. அந்த இரண்டாவதைச் சரிபார்க்க இனி வழியில்லை.

கையைப் பழக்க, மழை வெயில் பார்க்காமல் உட்கார, தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போங்க. தொல்லியல் துறை கொண்டுவந்து வைத்த நடுகற்கள் அங்கே இருக்கு. எண்ணெயும் மஞ்சளும் அப்பாத கல் எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துவிட்டால், ஊரில் இருக்கிற வேடியப்பனிடம் எங்கே என்ன தேடணும் என்று கண்ணுக்குத் தெரியும்.