பொழுதுபோக்கும் ஆங்கில வினைகளும்

"ஓய்வு நேரத்தில் நீ என்ன செய்வாய்? ஐந்து வாக்கியம் எழுது" என்று நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பயிற்சி கொடுத்திருந்தேன். தோட்டத்து லயத்துப் பையன் ஒருவன், தான் விடுமுறையில் பனிச்சறுக்கு ஆடுவதாகவும் குதிரையேறுவதாகவும் எழுதியிருந்தான். வாக்கியங்களில் பிழை இல்லை. ஆனால் பனியையும் குதிரையையும் அவன் படத்தில்தான் கண்டிருக்கிறான். அயல்நாட்டில் ஆக்கப்பட்ட பயிற்சித்தாளில் கண்ட சொற்களை அப்படியே எடுத்து வைத்திருந்தான். "உண்மையில் என்ன செய்வாய், தம்பி?" என்று தமிழில் கேட்டேன். "செம்பனைக் காட்டுக் கால்வாயில் விரால் பிடிப்பேன், ஐயா. அதற்கு இங்கிலீசில் வார்த்தை தெரியாது" என்றான்.

அன்று அவனுடைய தாளுக்கு மதிப்பெண் இடக் கை வரவில்லை. பிழையில்லாத பொய்யை எழுதக் கற்பித்துவிட்டு, பிழையோடுகூட உண்மையைச் சொல்லக் கற்பிக்காமல் விட்டோமே என்ற வருத்தம் ஏற்பட்டது. அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை, பயிற்சி பெற்று வந்த இளம் ஆசிரியர் சிலரோடு உரையாடியபோது இதைச் சொன்னேன். தங்கள் வகுப்பிலும் இதுவே நிலை என்றனர். அன்று அவர்களோடு ஆராய்ந்தவற்றைத் தமிழாசிரியர் அனைவருக்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் மாணவன் வாய்திறந்து பேசுவதற்கும் இடம் உண்டு. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் முதலில் வரும் கேள்விகளுள் ஒன்று பொழுதுபோக்கைப் பற்றியதே. ஆகவே இப்பாடத்தைச் சிறிதென்று எண்ணலாகாது.

மூன்று சொற்கள்

பொழுதுபோக்கு என்ற ஒரே சொல்லை நாம் மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக வழங்குகிறோம். 'லெஷர்' என்பது வேலையினின்று விடுபட்ட நேரம். 'ரெக்ரியேஷன்' என்பது அந்நேரத்தில் களைப்பு நீங்கச் செய்யும் செயல். மீண்டும் உருவாக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. 'ஹாபி' என்பது ஒருவர் விருப்பத்தோடு தொடர்ந்து பழகிவரும் தனிப்பட்ட செயல். அஞ்சல்தலை சேர்ப்பது போல்வது. என்றோ ஒருநாள் திரைப்படம் பார்த்தால் அது ஹாபி ஆகாது. நேரம், செயல், பழக்கம் என்று மூன்றையும் பிரித்துக் காட்டிவிட்டால் மாணவனுக்குக் குழப்பம் தீரும்.

'ஆடு' என்னும் வினை

தமிழில் பொழுதுபோக்குக்கு உரிய பெருவினை 'ஆடு' என்பதாகும். பந்தாடுகிறோம், சதுரங்கம் ஆடுகிறோம், நடனம் ஆடுகிறோம், ஊஞ்சல் ஆடுகிறோம், நீராடுகிறோம், முன்னோர் வேட்டையாடினர். இவை அனைத்தையும் ஆங்கிலம் ஒரே வினையால் சொல்வதில்லை. 'பிளே', 'கோ', 'டூ' என்ற மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது.

பந்து, காய், சீட்டு முதலியவை கொண்டு விதிப்படி எதிரியோடு ஆடுபவை 'பிளே' என்பதன்பாற்படும். பிளே ஃபுட்பால், பிளே பேட்மிண்டன், பிளே கேரம், பிளே செஸ் என்க. பல்லாங்குழியும் அவ்வாறே. மலாய்க்காரர் அதனைச் சொங்காக் என்பர். 'பிளே சொங்காக்' என்று சொன்னால் இந்நாட்டில் யார்க்கும் விளங்கும்.

சென்று செய்பவை 'கோ' என்பதன்பாற்படும். அதன்பின் வரும் சொல் 'இங்' ஈறு பெறும். கோ ஸ்விம்மிங், கோ ஃபிஷிங், கோ சைக்கிளிங் என்பன காட்டு. 'மீன் பிடிக்கப் போனேன்' என்ற தமிழ் வினையெச்சத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மாணவர் 'கோ டு ஃபிஷிங்' என்று எழுதுவர். இடையில் 'டு' வராது என்பதைப் பலமுறை வாயால் சொல்லிப் பழக்க வேண்டும்.

பந்தும் இல்லை, போவதும் இல்லை, உடலைப் பயிற்றுவதே நோக்கம் என்றால் 'டூ' வரும். டூ யோகா, டூ கராத்தே, டூ ஜிம்னாஸ்டிக்ஸ் என்பன அவை. நம் சிலம்பத்தையும் மலாய்க்காரரின் சீலாட்டையும் இவ்வகையில் அடக்கிக்கொள்ளலாம்.

சிலவற்றுக்கு இம்மூன்றும் வேண்டா. 'டான்ஸ்', 'சிங்', 'டிரா' என்பவை தாமே வினைகள். பட்டம் விடுவது 'ஃபிளை எ கைட்' ஆகும். நம் மாணவர் 'பிளே கைட்' என்று எழுதுவதற்குக் காரணம் தமிழன்று, மலாய். மலாய்மொழியில் பந்துக்கும் பட்டத்துக்கும் கித்தாருக்கும் 'மாயின்' என்ற ஒரு வினையே போதும். மூன்று மொழிக்கிடையே வளரும் பிள்ளை எம்மொழியிலிருந்து பிழையைக் கொண்டுவந்தான் என்று ஆசிரியர் அறிந்தால்தான் மருந்து சரியாக அமையும்.

இசைக்கருவிகளில் நிலைமை தலைகீழ். குழல் ஊதுகிறோம், வீணை மீட்டுகிறோம், மத்தளம் கொட்டுகிறோம். ஆங்கிலமோ எல்லாவற்றுக்கும் 'பிளே' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. கருவியின் பெயருக்கு முன் 'த' என்ற சுட்டு வருவது மரபு. விளையாட்டின் பெயருக்கு முன் வாராது. 'பிளே த வயலின்', ஆனால் 'பிளே ஹாக்கி'. பிரிக்பீல்ட்ஸில் உள்ள நுண்கலைக் கோவிலில் நடனமும் இசையும் பயிலும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு எளிதில் பதியும்.

ஓட்டு, பார், கேள்

தமிழில் காரையும் ஓட்டுகிறோம், சைக்கிளையும் ஓட்டுகிறோம், படகையும் ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் காருக்கு 'டிரைவ்', சைக்கிளுக்கு 'ரைட்', துடுப்புப் படகுக்கு 'ரோ'. உள்ளே அமர்ந்து செலுத்துவது டிரைவ், மேலே ஏறி அமர்ந்து செலுத்துவது ரைட் என்று சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

'பார்' என்பதும் அத்தகையதே. தற்செயலாகக் கண்ணில் படுவது 'ஸீ'. திரும்பி நோக்குவது 'லுக் அட்'. அசைவதை இருந்து கவனிப்பது 'வாட்ச்'. ஆதலால் தொலைக்காட்சிக்கும் பந்தாட்டத்துக்கும் 'வாட்ச்' பொருந்தும். 'கேள்' என்ற சொல் இன்னும் சிக்கலானது. காதில் விழுவது 'ஹியர்', விரும்பிச் செவிகொடுப்பது 'லிஸன் டு', வினவுவது 'ஆஸ்க்'. 'பாட்டுக் கேட்டேன்' என்பதை 'ஐ ஆஸ்க்ட் எ ஸாங்' என்று ஒரு மாணவி எழுதியதை நான் திருத்தியதுண்டு. அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதற்கு அப்பிழையே சான்று.

'எனக்குப் பிடிக்கும்'

'எனக்குப் பந்தாட்டம் பிடிக்கும்' என்ற வாக்கியத்தில், விரும்புகிறவன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான்; பந்தாட்டமே எழுவாய். ஆங்கிலத்தில் விரும்புகிறவனே எழுவாய்: 'ஐ லைக் ஃபுட்பால்'. இதனை விளக்காவிட்டால், 'ஃபுட்பால் லைக்ஸ் மீ' என்று பந்து தன்னை விரும்புவதாக எழுதிவிடுவான்.

விருப்பச் சொற்களுக்குப்பின் தொழிற்பெயர் வரும். தொழிற்பெயர் விகுதிகளுள் தல், அல் என்பவற்றை நாம் நன்கறிவோம். நீந்துதல், ஆடல், பாடல் என்பவற்றுக்கு நேராக ஆங்கிலத்தில் நிற்பது 'இங்' ஈறு. 'லைக்' என்பதன்பின் 'ஸ்விம்மிங்' என்றும் வரலாம், 'டு ஸ்விம்' என்றும் வரலாம். 'என்ஜாய்' என்பதன்பின் 'இங்' ஒன்றே வரும். 'வுட் லைக்' என்பதன்பின் 'டு' ஒன்றே வரும்.

'குட் அட்', 'இன்ட்ரஸ்டட் இன்' என்பவற்றின்பின் ஏன் 'இங்' வருகிறது என்று இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார். வேற்றுமை உருபை ஏற்பது பெயரே, வினை ஏற்காது என்பது நம் இலக்கணம். 'நீந்துவதில் வல்லவன்' என்கிறோம், 'நீந்துகிறான்இல்' என்பதில்லை. ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருளை உணர்த்தும் 'அட்', 'இன்' முதலிய முன்னிடைச்சொற்களும் பெயரையே வேண்டி நிற்கும். ஆகவே வினையைத் தொழிற்பெயர் ஆக்கியே தரவேண்டும். முதனிலைத் தொழிற்பெயரும் அவர்களிடம் உண்டு. 'அடி விழுந்தது' என்பதில் 'அடி' என்ற பகுதியே பெயராய் நிற்பதுபோல, 'கோ ஃபார் எ வாக்' என்பதில் 'வாக்' பெயராய் நிற்கிறது.

சலிப்பூட்டுபவனும் சலிப்புற்றவனும்

'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து 'ஐ ஏம் போரிங்' என்பர் நம் மாணவர். பிறர்க்குச் சலிப்பூட்டுபவன் நான் என்றன்றோ அதற்குப் பொருள்! 'சலிப்பூட்டும் ஆட்டம்', 'சலிப்புற்ற பையன்' என்ற இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் எழுதுக. 'ஊட்டும்' என்ற இடத்தில் 'இங்', 'உற்ற' என்ற இடத்தில் 'எட்'. 'எக்ஸைட்டிங்', 'எக்ஸைட்டட்', 'டயரிங்', 'டயர்ட்' ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

காலமும் கணக்கும்

'ஐந்து மணிக்கு' என்ற இடத்தில் 'அட்', 'மாலையில்' என்ற இடத்தில் 'இன்', 'ஞாயிறன்று' என்ற இடத்தில் 'ஆன்'. கு, இல், அன்று என்ற மூன்றையும் வைத்தே மூன்று ஆங்கிலச் சொற்களையும் கற்பித்துவிடலாம். 'இரவில்' என்பது மட்டும் விலக்கு. அது 'அட் நைட்' ஆகும்.

எத்தனை முறை என்பதைக் காட்டும் 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'சம்டைம்ஸ்', 'நெவர்' ஆகியவை பெரும்பாலும் வினைக்கு முன் வரும். 'ஏம்', 'இஸ்', 'ஆர்' இருந்தால் அவற்றுக்குப்பின் வரும். 'நெவர்' என்பதில் விழிப்பு வேண்டும். 'ஒருபோதும் போவதில்லை' என்பதில் எதிர்மறையைத் தருவது 'இல்லை' என்ற சொல்லே. ஆங்கிலத்தில் 'நெவர்' தானே எதிர்மறை. ஆதலால் 'ஐ நெவர் கோ' என்றாலே போதும். 'டோன்ட்' சேர்த்தால் பிழை.

பயிற்சி செய்யும் முறை

முதலில், பிள்ளைகள் உண்மையில் செய்பவற்றைத் தமிழிலேயே கேட்டுக் கரும்பலகையில் எழுதுக. தோட்டத்துப் பிள்ளை மீன்பிடிப்பதையும் பட்டம் விடுவதையும் சொல்வான். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளை, துன் சம்பந்தன் சாலையில் தாயோடு கடைகளைப் பார்த்து நடப்பதைச் சொல்வாள். தம்பியைப் பார்த்துக்கொள்வதால் ஓய்வே இல்லை என்பாரும் இருப்பர். அதுவும் ஒரு வாக்கியத்துக்கு உரியதே. அடுத்து, அவற்றைப் பிளே, கோ, டூ, பிற என்று நான்கு பத்தியில் பிரிக்கச் செய்க. பிறகு இருவர் இருவராக அமர்ந்து ஒருவரையொருவர் வினவட்டும்.

அதன்பின் நண்பனைப் பற்றி வகுப்பில் சொல்லச் செய்க. இங்கே 'பிளேஸ்', 'கோஸ்', 'டஸ்' என்று படர்க்கை ஒருமை ஈறு வரும். தமிழில் ஆண்பாலையும் பெண்பாலையும் வினைமுற்றே காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'ஹி', 'ஷி' என்ற பெயர்கள்தாம் காட்டும். மலாய்மொழியில் 'டியா' என்ற ஒரே சொல் இருபாலுக்கும் வருவதால் இவ்விடத்தில் தடுமாற்றம் நேரும்.

இறுதியில் இறந்தகாலம். இதற்கு நம் நாட்டு விளையாட்டு வீரரே தக்க எடுத்துக்காட்டு. 'ஸ்பைடர்மேன்' என்று போற்றப்பட்ட பந்துக்காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் மறைந்தார். மலேசியாவுக்காக 'பிளேய்ட்' என்றே சொல்ல வேண்டும். ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் எட்டு முறை உலகப் பட்டத்தை வென்று 2019-இல் ஓய்வு பெற்றார். 'வன்' என்பது 'வின்' என்பதன் இறந்தகாலம் என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொன்னால் பதியும்.

தமிழைக் கொண்டு ஆங்கிலம் கற்பித்தால் ஆங்கிலம் வளராது என்பார் சிலர். வகுப்பு முழுதும் தமிழிலேயே நடந்தால் அவர் கூற்று சரியே; வாய்ப்பழக்கம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் ஐந்து நிமிடம் தமிழ் இலக்கணத்தால் விளக்கிவிட்டு, மீதி நேரம் ஆங்கிலத்தில் பேசச் செய்வதை நான் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். ஏன் இப்படி என்று அறிந்த பிள்ளை அஞ்சாமல் பேசுகிறான்.

'ஸ்கூல்' என்ற சொல் ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என்பர் மொழிநூலார். ஓய்வு உடையவர்க்கே கல்வி என்றிருந்த காலத்தின் அடையாளம் அது. இன்று தோட்டத்துப் பிள்ளைக்கும் பள்ளி உண்டு. அவனுடைய ஓய்வைச் சொல்லும் சொல்லும் அவனுக்குக் கிடைக்க வேண்டும்.

மறுவாரம் அதே பையன் இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தான். பள்ளி முடிந்ததும் அண்ணனோடு மீன்பிடிக்கப் போவதாக, 'ஐ கோ ஃபிஷிங் வித் மை பிரதர்' என்று இருந்தது. இரண்டாம் வாக்கியத்தில் தூண்டிலுக்கு ஆங்கிலம் தெரியாமல் இடம் விட்டிருந்தான். 'ஃபிஷிங் ராட்' என்று நான் சொல்ல, அவனே எழுதி நிரப்பினான்.